வரச்சொல்லியும் கூட்டத்துக்கு வராத ஆல்டர்மன்

1586 செப்டம்பர் 6. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரின் நகர மன்றம் கூடுகிறது. ஆல்டர்மன் எனப்படும் மூத்த உறுப்பினர்களில் இருவரை நீக்கிவிட்டு வேறு இருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீலர். தன்னை விட்டுவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். இன்னொருவரைப் பற்றி மன்றக் குறிப்பேடு சொல்வது இவ்வளவுதான்: வரச்சொல்லி அறிவித்தாலும் கூட்டத்துக்கு வருவதில்லை, வெகு காலமாகவே வந்ததில்லை.

அந்த இன்னொருவர் ஜான் ஷேக்ஸ்பியர். நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் அப்பா.

வெகு காலம் என்று அவர்கள் எழுதியது மிகையில்லை. 1577 ஜனவரியிலிருந்தே அவர் வருவதை நிறுத்திவிட்டார். அதற்கு முன் அவர் வராத கூட்டம் என்று பதிவானது ஒன்றே ஒன்று. இத்தனைக்கும் சாதாரண உறுப்பினர் இல்லை, ஊரின் தலைவராகவே இருந்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று ஏன் நின்றுபோனார்? இருநூறு வருடத்துக்கு மேலாக ஆய்வாளர்கள் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பணம் போய்விட்டது என்பது ஒரு பதில். ரகசியமாகப் பழைய கத்தோலிக்க மதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் ஒதுங்கினார் என்பது இன்னொன்று. கம்பளி வியாபாரத்தில் மாட்டிக்கொண்டார் என்பது மூன்றாவது. நான் இந்த மூன்றாவது கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் மனிதரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

குத்தகைக்காரர் மகன்

ஜான் பிறந்தது 1530ஐ ஒட்டி, ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வடக்கே சில மைல் தள்ளியிருந்த ஸ்னிட்டர்ஃபீல்ட் கிராமத்தில். அப்பா ரிச்சர்ட் குத்தகை விவசாயி. அவர் உழுத நிலத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர் பக்கத்து வில்ம்கோட்டைச் சேர்ந்த ராபர்ட் ஆர்டன். ஆர்டன் என்பது வார்விக்‌ஷயர் வட்டாரத்தில் மரியாதைக்குரிய பழைய குடும்பப் பெயர். ராபர்ட்டுக்கு எட்டுப் பெண்கள், கடைக்குட்டி மேரி. ராபர்ட் 1556 கடைசியில் இறந்தார். வில்ம்கோட்டில் ஆஸ்பீஸ் என்று அழைக்கப்பட்ட நிலத்தை மேரிக்கே எழுதிவைத்தார், கையில் 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் ரொக்கமும் விட்டார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் மேரிக்கு உண்டு. இத்தனை பெண்களில் கடைசிப் பெண்ணை நம்பி அப்பா அந்தப் பொறுப்பைக் கொடுத்தார் என்றால், அவள் விவரமானவள் என்றுதான் அர்த்தம். அதற்குக் கொஞ்ச காலத்தில் அவளைக் கட்டிக்கொண்டவர், குத்தகைக்காரர் மகன் ஜான்.

ஜான் அதற்குள் கிராமத்தை விட்டு ஊருக்கு வந்து தொழிலில் காலூன்றியிருந்தார். அவர் கையுறை செய்பவர். மான், ஆடு, செம்மறித் தோல்களைப் படிகாரமும் உப்பும் சேர்த்துப் பதமாக்கி வெள்ளைத் தோலாக்கும் வேலையும் அதோடு சேர்ந்தது. நாற்றமடிக்கும் வேலை. ஸ்ட்ராட்ஃபோர்டில் அவரைப் பற்றிக் கிடைக்கும் முதல் செய்தியும் நாற்றமடிப்பதுதான். 1552 ஏப்ரல் மாதம், ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக ஒரு ஷில்லிங் அபராதம். அவரோடு சேர்ந்து அபராதம் கட்டியவர்களில் ஏட்ரியன் குவினியும் ஒருவர். பின்னாளில் இருவருமே ஊர்த்தலைவர் ஆனார்கள். பொதுக் குப்பைமேடு கொஞ்ச தூரத்திலேயே இருந்தும் வீட்டு வாசலில் கொட்டியதுதான் குற்றம்.

1556இல் ஹென்லி தெருவில் ஒரு வீடு, கிரீன்ஹில் தெருவில் ஒரு வீடு வாங்கினார். அதே வருடம் பியர் சுவை பார்க்கும் அதிகாரி ஆனார். கடையில் விற்கும் பியரும் ரொட்டியும் தரமாக இருக்கின்றனவா, அளவு சரியா என்று பார்ப்பது வேலை. சின்னப் பதவிதான், ஆனால் அதற்குப் பிறகு படிப்படியாக ஏறிக்கொண்டே போனார்: காவல் பொறுப்பு, அபராதம் நிர்ணயிப்பவர், நகரப் பொருளாளர், 1565இல் ஆல்டர்மன், 1568இல் பெய்லிஃப். பெய்லிஃப் என்றால் ஊர்த்தலைவர், நீதிமன்றத்திலும் உட்காருவார். ஆல்டர்மன் ஆனதும் அங்கி, பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல் எல்லாம் வந்தாயிற்று.

இதில் வேடிக்கை, அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடோ, சிலுவைக்குறியோ, கையுறைக்காரர்கள் அளவெடுக்கும் கவராயத்தின் படமோதான் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாசிக்கவும் தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் வாசிப்பும் எழுத்தும் தனித்தனிப் பாடம். அப்புறம், பொருளாளர் பதவிக் காலம் முடிந்த பிறகும் நகரக் கணக்கு அவர் பொறுப்பிலேயே இருந்திருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வீட்டில் முதலில் பிறந்த இரண்டு பெண்களும், ஜோனும் மார்கரெட்டும், சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மூன்றாவதாக வில்லியம், 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம். குழந்தைக்கு மூன்று மாதம்கூட நிறையவில்லை, ஜூலை 11ஆம் தேதி தேவாலயப் பதிவேட்டில் ‘இங்கே கொள்ளைநோய் தொடங்கியது’ என்று லத்தீனில் எழுதினார்கள். வருடம் முடிவதற்குள் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதுவும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில். நகர மன்றம் கட்டடத்துக்குள் கூடப் பயந்து தோட்டத்தில் கூடியது. ஜானும் அங்கே இருந்தார், ஏழைகளுக்கான நிதிக்குப் பணமும் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. அதற்குப் பின் கில்பர்ட், இன்னொரு ஜோன், ஆன், ரிச்சர்ட், எட்மண்ட் என்று ஐந்து பேர்.

ஜான் தலைவராக இருந்த காலத்தில்தான் ஸ்ட்ராட்ஃபோர்டில் தொழில்முறை நாடகக் குழுக்கள் ஆடியதற்கான முதல் பதிவு வருகிறது. அரசி எலிசபெத்தின் பெயர் தாங்கிய குழுவுக்கு ஒன்பது ஷில்லிங், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு ஒரு ஷில்லிங். வழக்கப்படி முதல் ஆட்டம் தலைவர் முன்னிலையில். ஐந்து வயதுப் பையன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானா என்பதற்குச் சாட்சி இல்லை. பார்க்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

கையுறைக்குப் பின்னால் கம்பளி

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையை 1709இல் எழுதிய நிக்கலஸ் ரோ, அவருடைய அப்பா பெரிய கம்பளி வியாபாரி என்றார். பிறகு வந்தவர்கள் அதை வெறும் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கினார்கள். ஊர்ப்பேச்சுதான் சரி என்று காட்டியது அரசுக் கருவூல நீதிமன்றத்தின் ஆவணங்கள்.

1570இல் ஜான் மேல் இரண்டு வட்டி வழக்குகள். ஒரே ஆளுக்கு ஒரு தடவை 80 பவுண்டும் இன்னொரு தடவை 100 பவுண்டும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 20 பவுண்டு வட்டி பேசினார் என்று குற்றச்சாட்டு. அப்போது நடப்பிலிருந்த 1552ஆம் வருடச் சட்டப்படி வட்டி எந்த அளவானாலும் குற்றம். ஒரு வழக்கில் 40 ஷில்லிங் அபராதம் கட்டினார். 1572இல் இரண்டு கம்பளி வழக்குகள். ஒன்றில் இன்னொருவரோடு சேர்ந்து 200 டாட், மற்றொன்றில் தனியாக 100 டாட் கம்பளி வாங்கியதாகப் புகார், விலை டாடுக்கு 14 ஷில்லிங். டாட் என்பது 28 ராத்தல். ஆக, 300 டாட் என்பது நான்கு டன்னை நெருங்கும், விலை 210 பவுண்டு. ஸ்ட்ராட்ஃபோர்ட் பள்ளி ஆசிரியரின் வருடச் சம்பளம் 20 பவுண்டு என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையுறை தைத்து விற்று வந்த காசு இல்லை இது.

கம்பளி வாங்க ஏற்றுமதி வணிகர்களுக்கும் துணி நெய்வோருக்கும்தான் உரிமை. இடைத்தரகர்கள் விலையை ஏற்றுகிறார்கள் என்று அரசு அவர்களைத் தடை செய்திருந்தது. ஆனால் கையுறைக்காரனுக்குச் செம்மறித் தோல் வேண்டும், தோலோடு மயிரும் வரும், அதை விற்பான், பிறகு மயிரை மட்டும் தனியாக வாங்கி விற்கத் தொடங்குவான். ஊரில் பலரும் செய்தார்கள், எல்லோருக்கும் தெரியும். மாட்டுவது எப்போது என்றால், புகார் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் கண்ணில் படும்போது. அபராதத்தில் பாதி அரசுக்கு, பாதி புகார் கொடுத்தவனுக்கு என்பது சட்டம். ஜானை மாட்டிவிட்டதும் அப்படிப்பட்ட ஆட்கள்தான். பல நேரம் வழக்கு தீர்ப்புவரை போகாது, ஒரு தொகையை வெட்டி வெளியே முடித்துக்கொள்வார்கள்.

இந்த வியாபாரம் வீட்டில் பேசப்பட்ட பேச்சு மகனின் காதில் விழுந்திருக்கிறது. அவர் பிற்காலத்தில் எழுதிய ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் ஓர் இடையன் மகன் வருவான். பதினொரு ஆட்டுக்கு ஒரு டாட், டாடுக்கு ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங், மயிர் கத்தரித்தது 1500 ஆடு, மொத்தம் எவ்வளவு என்று கணக்குப்போட ஆரம்பித்து, எண்ணுவதற்கான வில்லைகள் இல்லாமல் என்னால் முடியாது என்று விட்டுவிடுவான். நாம் போட்டுப் பார்த்தால் 136 டாட் சொச்சம், 143 பவுண்டு சொச்சம். ‘வின்ட்சரின் குதூகலப் பெண்கள்’ நாடகத்தில் ஒருவனுடைய தாடியைக் கையுறைக்காரரின் வட்டக்கத்தி மாதிரி இருக்குமா என்று கேட்கிறாள் ஒருத்தி. பல்கலைக்கழகம் போய்ப் படித்து வரும் விஷயம் இல்லை இதெல்லாம்.

இப்போது 1576க்கு வருவோம். கம்பளித் தட்டுப்பாட்டுக்குத் தரகர்களே காரணம் என்று அந்த இலையுதிர் காலத்தில் அரசியின் மந்திரி சபை கம்பளி வியாபாரத்தையே நிறுத்திவைத்தது. மறுவருடம், சட்டவிரோதமாக வாங்க மாட்டேன் என்று தரகர்கள் 100 பவுண்டுக்கு ஜாமீன் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த உத்தரவுகளுக்கு நடுவில், 1577 ஜனவரியில், ஜான் ஷேக்ஸ்பியர் நகர மன்றத்துக்குப் போவதை நிறுத்துகிறார். தேதிகள் இவ்வளவு ஒட்டிவருவதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

சரிவு

அதற்குப் பிறகு வரும் காகிதங்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. 1578 ஜனவரியில் படைக்கான வரியில் அவருக்குப் பாதி தள்ளுபடி. அதே வருடம் ஏழைகளுக்காக ஆல்டர்மன்கள் வாரம் நாலு பென்ஸ் தர வேண்டும் என்று தீர்மானமாகிறது, ஜானுக்கு மட்டும் வேண்டாம் என்கிறார்கள். வராததற்கு அபராதமும் போடவில்லை. சக உறுப்பினர்கள் அவரை வெறுக்கவில்லை, தாங்கிப் பிடித்தார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. 1578 நவம்பரில் மேரியின் வில்ம்கோட் சொத்தில் ஒரு வீட்டையும் 56 ஏக்கரையும் சகலை எட்மண்ட் லேம்பர்ட்டிடம் 40 பவுண்டுக்கு அடமானம் வைக்கிறார். மறுவருடம் ஸ்னிட்டர்ஃபீல்டில் மேரிக்கிருந்த பங்கும் நாலு பவுண்டுக்கு அவள் அக்கா மகனிடம் போகிறது.

அந்த 1579இல்தான், ஏப்ரல் மாதம், ஏழு வயது ஆன் இறந்தாள். சாவு மணி அடிக்கவும் சவப்பெட்டி மேல் போர்த்தும் துணிக்கும் எட்டு பென்ஸ் கட்டினார் என்று தேவாலயக் கணக்கில் இருக்கிறது. வாரம் நாலு பென்ஸ் தர முடியாதவர் என்று விட்டுவிடப்பட்டவர்.

அடமானத்தை 1580 செப்டம்பருக்குள் மீட்க வேண்டும். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், லேம்பர்ட் வாங்க மறுத்து மற்ற பழைய பாக்கியையும் தீர்த்தால்தான் ஆயிற்று என்றார் என்பது ஜான் தரப்பு. லேம்பர்ட் இறந்து மகன் கைக்குச் சொத்து போனது. 1588இல் ஒரு வழக்கு, 1597இல் இன்னொரு வழக்கு. நிலம் கடைசிவரை திரும்பவில்லை. சொந்தக்காரனிடம் அடமானம் வைத்தால் நடப்பதுதான். ஆனால் அந்த 1588 வழக்கால் நமக்கு ஒரு லாபம்: அப்பா அம்மாவோடு வில்லியமின் பெயரும் அதில் இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளின் ஞானஸ்நானம் நடந்த 1585க்கும் லண்டன் நாடக உலகில் அவர் பெயர் அடிபடும் 1592க்கும் நடுவில், அவரைக் குறிப்பிடும் ஆவணம் இது ஒன்றுதான்.

இதற்கிடையில் 1580இல் அரசியின் நீதிமன்றம் 40 பவுண்டு அபராதம் விதித்தது. அமைதி காப்பேன் என்று பிணை கொடுக்க ஆஜராகாததற்கு 20, நாட்டிங்காம் தொப்பிக்காரர் ஒருவருக்காகப் பிணை நின்றதற்கு 20. தம்பி ஹென்றியின் கடனுக்கும் பிணை நின்றார், தம்பி கட்டவில்லை, வழக்கு அண்ணன் மேல் வந்தது. பிணை என்று யார் வந்து நின்றாலும் தலையாட்டுவது மனிதரின் பழைய பழக்கம். 1566இலேயே ரிச்சர்ட் ஹாதவே என்ற விவசாயிக்கு இப்படி நின்றிருக்கிறார். அந்த ஹாதவேயின் மகள் ஆன் பின்னாளில் இவருக்கு மருமகளானாள்.

மதமா?

1592இல் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியல் எடுத்தார்கள். அரசியின் மதத்தை ஏற்காத கத்தோலிக்கர்களைக் கண்டுபிடிக்கும் வேலை அது. அதில் ஜானின் பெயர் இருக்கிறது. கத்தோலிக்கக் கட்சிக்காரர்களுக்கு இது பெரிய துருப்புச்சீட்டு. ஆனால் அவர் உட்பட ஒன்பது பேருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள்: கடனுக்காகப் பிடிப்பார்கள் என்ற பயத்தில் இவர்கள் வருவதில்லை என்று சொல்லப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் காத்திருந்து கடன்காரனைப் பிடிப்பது அப்போது சாதாரணம். அது ஒரு சாக்காகவும் இருக்கலாம்தான். ஆனால் ஜான் விஷயத்தில் கடனுக்கு அத்தனை காகிதம் இருக்கிறது, மதத்துக்கு இல்லை. (அந்த ஒன்பது பேரில் ஃப்ளுயெல்லன், பார்டால்ஃப் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வில்லியமின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் இதே பெயர்களில் பாத்திரங்கள் உண்டு. படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.)

இன்னொரு ஆதாரம் 1757இல் கிடைத்தது. ஹென்லி தெரு வீட்டுக் கூரை ஓடுகளுக்கு நடுவில் ஒரு கொத்தனார் கண்டெடுத்த கையெழுத்துப் பிரதி. ஒவ்வொரு பத்தியிலும் ‘ஷேக்ஸ்பியர்’ என்ற பெயரோடு ஒரு கத்தோலிக்க விசுவாச அறிக்கை. மூலப்பிரதி தொலைந்துவிட்டது. பிறகு பார்த்தால் அது அச்சிட்டுப் பரவிய ஒரு பொது வாசகம், பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். 2024இல் மாத்யூ ஸ்டெகிள் என்ற ஆய்வாளர், அந்த வாசகம் ஜான் இறந்த பிறகே வெளிவந்தது, அதனால் அது அதே வீட்டில் வாழ்ந்த மகள் ஜோனுடையதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பொருளாளராக இருந்தபோது ஊரிலிருந்த கில்ட் தேவாலயத்தின் பழைய கத்தோலிக்கச் சுவரோவியங்களை அழிக்க இரண்டு ஷில்லிங் செலவு எழுதியவர் இதே ஜான். மனசில்லாமல் மேலிட உத்தரவுக்காகச் செய்திருக்கலாம், சரி. ஆனால் ஒரு மனிதரின் மதத்தை நிரூபிக்க இது போதாது, எந்தப் பக்கமும்.

ஏழையா?

முழுக்க நொடித்துப்போனார் என்பதையும் நான் ஏற்கவில்லை. 1586இல் ஒரு கடன் வழக்கில், பறிமுதல் செய்ய அவரிடம் ஒன்றுமில்லை என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். ஹென்லி தெருவில் அவருக்கு வீடுகள் நின்றுகொண்டிருந்தன! அது நீதிமன்றச் சடங்கு வாசகம், அவ்வளவுதான். அடமானம் போனது, நிலத்தில் பங்கு போனது, எல்லாம் மேரி வழி வந்த சொத்து. தான் சம்பாதித்த ஹென்லி தெரு வீட்டை மனிதர் விற்கவில்லை. 1582இல் நண்பர் ஜான் சாட்லர் தலைவர் தேர்தலில் நின்றபோது ஓட்டுப்போட மட்டும் ஒருநாள் மன்றத்துக்கு வந்துபோனார். கடனுக்குப் பயந்து தேவாலயம் வராதவர் என்று எழுதப்பட்ட அதே 1592இல், இறந்த ஒரு கம்பளி வியாபாரியின் சொத்தையும் ஹென்றி ஃபீல்ட் என்ற தோல் பதனிடுபவரின் சொத்தையும் மதிப்பிட ஊரார் அழைத்தது இவரைத்தான். அந்த ஃபீல்டின் மகன் ரிச்சர்ட் லண்டனில் அச்சகம் வைத்திருந்தார். மறுவருடம் வில்லியமின் முதல் புத்தகத்தை அச்சிட்டவர் அவர்.

2018இல் வரலாற்றாசிரியர் கிளின் பாரி தேசிய ஆவணக் காப்பகத்தில் 21 புதிய ஆவணங்களைக் கண்டுபிடித்தார். கம்பளியும் வட்டியும் சம்பந்தமான அரசுக் கோரிக்கைகள் 1580களின் தொடக்கம்வரை ஜானைத் துரத்தியதை அவை காட்டுகின்றன. சொத்து பறிபோகும் ஆபத்து தலைமேல் இருந்தால் ஒருவர் என்ன செய்வார்? ரொக்கத்தைக் கண்ணில் காட்ட மாட்டார். நிலத்தைச் சொந்தக்காரர் பெயரில் தள்ளிவைப்பார். பொது இடத்துக்கு வர மாட்டார். ஜான் செய்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஏழ்மையும் கொஞ்சம் உண்மை, ஒளிந்துகொண்டதும் உண்மை. சகலை விஷயத்தில் மட்டும் கணக்கு தப்பிவிட்டது.

1596 அக்டோபர் 20இல் அவருக்குக் குலச்சின்னம் கிடைத்தது. இருபது வருடம் முன்பே ஒரு மாதிரி வரைந்து வாங்கியிருந்ததாக அந்த வரைவில் குறிப்பு இருக்கிறது. தங்கக் கேடயத்தில் கறுப்புப் பட்டை, அதில் ஈட்டி, மேலே ஒரு வல்லூறு. ‘உரிமையில்லாமல் அல்ல’ என்ற வாசகமும் வரைவில் இருக்கிறது. 500 பவுண்டு சொத்துள்ளவர் என்றும் எழுதியிருக்கிறார்கள், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கட்டணம் கட்டியது லண்டனில் சம்பாதித்துக்கொண்டிருந்த மகனாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் முன்புதான் வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட்டை அடக்கம் செய்திருந்தார்கள். பரம்பரைச் சின்னம் வந்த வேளையில், அதைச் சுமக்க வேண்டிய பேரன் இல்லை.

1601இல் நில உரிமையாளரான பிரபு ஒருவரோடு நகர மன்றத்துக்கு வழக்கு. ஊரின் பழைய உரிமைகளுக்குச் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் பட்டியலில் ஜானின் பெயரையும் எழுதினார்கள். அவரை மன்றத்திலிருந்து நீக்கி அப்போது பதினைந்து வருடம். செப்டம்பர் 8இல் அவரை அடக்கம் செய்தார்கள், மேரியை 1608 செப்டம்பர் 9இல். ஹென்லி தெரு வீடு வில்லியமுக்கு வந்தது. அவர் 1616இல் எழுதிய உயிலில், தங்கை ஜோன் உயிருள்ளவரை தான் குடியிருந்த பகுதியில் இருந்துகொள்ளலாம் என்றார். வருட வாடகை 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். அந்தத் தெருவில் குப்பை கொட்டியதற்கு அவர்கள் அப்பா கட்டிய அதே தொகை.